பவுண்டேசன் போட்ட பெஞ்ச்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே எனக்கு மரவேலை வந்துவிட்டது. சிலருக்குச் சர்க்கரை வருகிறது, சிலருக்குப் பக்தி வருகிறது. எனக்கு இது.

கார் வாங்கும் உத்தேசத்தில் கட்டி, கார் வாங்காமலே விட்டுவிட்ட ஷெட் ஒன்று எங்கள் வீட்டை ஒட்டி இருக்கிறது. அதில் மரப்பட்டறை வைப்பது என்று நான் முடிவு செய்தேன். மாவு ஆட்டும் கிரைண்டரை அங்கே கொண்டுபோய் வைப்பது என்று என் மனைவி ராமாத்தாள் முடிவு செய்திருந்தாள். என் முடிவுக்கு வயது ஒரு நாள். அவள் முடிவு ஷெட்டுக்குக் கூரை போட்ட அன்றே எடுத்தது.

அவள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் கிரைண்டர் தரையில் நிற்கும் பழைய பெரிய ரகம். நிற்கும் என்பது ஒரு பேச்சுக்குத்தான், ஓடும்போது அது நடக்கும். புறக்கடையில் சுவிட்சைப் போட்டால் உளுந்து பொங்கி வருவதற்குள் கொய்யா மரத்தடிக்குப் போய்விடும். ஒரு நாள் கேட் திறந்து கிடந்தது. வயர் மட்டும் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் அன்றைக்கு அது அவிநாசித் தேரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியிருக்கும். ராமாத்தாள் ஒரு காலை அதன்மேல் முட்டுக் கொடுத்துக்கொண்டுதான் மாவு ஆட்டுவாள். ஷெட்டில்தான் தரை சமமாக இருக்கிறது என்பது அவள் வாதம்.

"ஏனுங்க, மரவேலை மரவேலைங்கறீங்களே, இதுவரைக்கும் என்னத்தச் செஞ்சிருக்கறீங்க?" என்று கேட்டாள்.

"இனிமேத்தான் அம்மிணி."

"செரி. அட்டாலில இருக்கற அண்டாவ எடுக்க எனக்கு எட்ட மாட்டீங்குது. ஏறி நிக்க ஒரு ஸ்டூலு செஞ்சு குடுங்க. ஆடி நோம்பிக்கு முந்தின நாளு, பொழுது உழுகறதுக்குள்ள ஸ்டூலு எங்கையில இருந்தா ஷெட்டு உங்குளுது. இல்லீன்னா எங்கிரைண்டருக்கு."

அப்போது சித்திரை மாதம். ஒரு ஸ்டூலுக்கு ஆடி வரைக்கும் தவணை கொடுத்தவளை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

ஸ்டூல் செய்ய வேண்டுமானால் மரத்தை வைத்து அறுக்கவும் இழைக்கவும் ஒரு வேலை பெஞ்ச் வேண்டும். பெஞ்ச் செய்ய வேண்டுமானால் அதன் கட்டைகளை வைத்து அறுக்கவும் இழைக்கவும் ஒரு பெஞ்ச் வேண்டும். உலகத்தின் முதல் பெஞ்சை எதன்மேல் வைத்துச் செய்தார்கள் என்று யோசித்ததில் சித்திரை முடிந்துவிட்டது.

வைகாசியில் பாலுசாமியைக் கூப்பிட்டேன். நானும் அவரும் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் மிஷின் நிறுத்தும் பிரிவில் ஒன்றாக இருந்தவர்கள். எங்கள் வேலை லேத்தையும் பிரஸ்ஸையும் கான்கிரீட் பவுண்டேசன்மேல் நிறுத்தி, நட்டு போல்ட் இறுக்குவது. பாலுசாமி நிறுத்திய மிஷின் ஆடாது. பூகம்பம் வந்தாலும் அந்த இடம் வந்ததும் கொஞ்சம் ஒதுங்கித்தான் போகும். பணி நிறைவு விழாவில் கொடுத்த நாற்காலியைக்கூட நாலு பக்கமும் லெவல் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தவர். மற்றவர்கள் வீட்டில் குடை இருப்பது போல அவர் வீட்டில் பாரம் தூக்குகிற செயின் பிளாக் இருக்கும்.

ஷெட்டைச் சுற்றி வந்தார். "ஏனுங்ணா, பெஞ்சு எத்தன ஒசரமுங்க?"

"நேரா நின்னு கையத் தொங்கப் போட்டா மணிக்கட்டு எங்க வருதோ அத்தன ஒசரம். அதுதான் இழைக்கறதுக்குத் தோதுன்னு வீடியோவுல சொன்னாங்க."

நான் ஆறடிக்கு மேல். என் மணிக்கட்டு ராமாத்தாளின் இடுப்புக்கு மேல் வரும். அதை அப்போது யாரும் அளக்கவில்லை, அளக்க வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

"இழைக்கறப்போ தள்ளுவீங்க. தள்ளுனா பெஞ்சு நகருமுங்களே" என்றார்.

"நகரும்."

இருவரும் தரையைப் பார்த்தோம். வேறு யாராக இருந்தாலும் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பார்கள், அல்லது காலுக்கு அடியில் ரப்பர் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அந்த மாதிரி யோசனை எல்லாம் வராது.

"பவுண்டேசன் போட்றலாமுங்ணா" என்றார் பாலுசாமி.

பெருந்துறைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்தார்கள். அதன் வேம்பு உத்தரங்களை வாங்கி வந்தோம். லாரியிலிருந்து இறக்கிய அதிர்வில் பக்கத்துத் தெருவில் பால் திரிந்ததாகச் சொன்னார்கள். ஷெட்டின் நடுவே குழி வெட்டினோம். வெட்டுகிற உற்சாகத்தில் கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது, இன்னும் ஒரு சாண் போயிருந்தால் சிறுவாணித் தண்ணீருக்குக் காத்திருக்கிற வேலையே தெருவுக்கு மிச்சமாகியிருக்கும். மதுக்கரை சிமெண்ட் வந்தது, கம்பி வந்தது. மூலைக்கு ஒரு பவுண்டேசன் போல்ட் நிறுத்தி, கான்கிரீட் போட்டு, ஆனி முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஈரச்சாக்குப் போர்த்தினோம்.

"வர்ஷினி பொறந்தப்பக்கூட இப்பிடிப் போத்தி விடலீங்களே நீங்க" என்றாள் ராமாத்தாள். வர்ஷினி எங்கள் மகள். கல்யாணமாகி முதல் ஆடி, புருசன் வீட்டாரோடு நோம்பிக்கு வருவதாக இருந்தாள்.

கடைசியில் பெஞ்ச் நின்றது. நான் ஏறிக் குதித்தேன். பாலுசாமி ஏறிக் குதித்தார். இருவரும் கைகோத்துக் குதித்தோம். எங்களுக்குத்தான் முட்டி வலித்தது. பாலுசாமி பெருமூச்சு விட்டு, இதன்மேல் ரயில் எஞ்சினை வைத்து வேலை பார்க்கலாம் என்றார். நான் ஸ்டூல் செய்யப் போகிறேன் என்று நினைவுபடுத்தினேன்.

அதற்குள் நோம்பிக்கு முந்தின நாள் வந்துவிட்டது. மத்தியானம் ராமாத்தாள் ஷெட்டுக்கு வந்தாள். பின்னால் வாசலில் ஊறவைத்த அரிசியும் உளுந்தும் ஏனங்களில் இருந்தன.

"ஸ்டூலு எங்கீங்க?"

"பெஞ்சு முடிஞ்சுது அம்மிணி. இனி ஸ்டூலு வெறும் விரல் சொடுக்கறாப்புல."

"நாளைக்கு ஒறம்பரையெல்லாம் வாராங்க. சம்பந்தி ஊட்டுக்காரங்களுக்கு கால முட்டுக் குடுத்து ஆட்டுன மாவுலயா இட்டிலி ஊத்த முடியும்? கிரைண்டர உள்ள கொண்டாந்து வெய்யுங்க. இந்தப் பெஞ்ச அக்கட்டால தள்ளுங்க."

இப்படிச் சொல்வாள் என்றுதான் நான் ஆனி முழுக்கத் தண்ணீர் ஊற்றியது. "தள்ள முடியாது" என்றேன், முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு. "அது பூமிக்குள்ள எறங்கியிருக்குது. சுத்திப் பாரு, கிரைண்டர் நிக்க எடமில்ல."

ராமாத்தாள் பெஞ்சின்மேல் கை வைத்து அழுத்தினாள். இடுப்பால் ஒரு இடி இடித்துப் பார்த்தாள்.

"ஆடாதுங்களா?"

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் மிஷின் நிறுத்துகிற ஆளிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

"ஆடறதா? பாலுசாமி, சொல்லுப்பா."

"யானைய வெச்சாலும் ஆடாதுங்கக்கா" என்றார் பாலுசாமி.

"அப்பிடீன்னா கிரைண்டர அதும்மேல தூக்கி வெய்யுங்க" என்றாள் ராமாத்தாள்.

பாலுசாமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது அனுதாபம் அல்ல. செயின் பிளாக்குக்கு வேலை வந்துவிட்டது என்ற சந்தோஷம். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய், பிளாக்கோடு திரும்பி வந்தார். ஷெட்டின் இரும்பு உத்தரத்தில் கொக்கியை மாட்டினோம். நான் பெருவிரலை மேலே காட்ட, அவர் சங்கிலியை இழுக்க, கல்லும் உரலுமாகக் கிரைண்டர் அந்தரத்தில் எழும்பியது. "மெதுவா, மெதுவா, நாலு நூல் தெக்க" என்று நான் கையைக் காட்டினேன். கம்பெனியில் ஜெர்மனி மிஷின் இறக்கியபோதுகூட இவ்வளவு சுத்தமாக இறங்கவில்லை. போல்ட்டும் போட்டோம். பாதியில் விட மனம் வரவில்லை.

பாலுசாமி சுவிட்சைப் போட்டார். எங்கள் வழக்கப்படி கிரைண்டரின் பெட்டிமேல் ஒரு ரூபாய் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தேன். கல் சுற்றியது. நாணயம் நின்றது. நாங்கள் மூச்சு விடாமல் பார்த்தோம். பாலுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டறை கைவிட்டுப் போனது எனக்கு ஒரு நிமிடம் மறந்தே போனது.

ராமாத்தாள் உளுந்துப் போசியோடு வந்து நின்றாள். கையை உயர்த்தினாள். விரல் நுனி உரலின் விளிம்பை மட்டும் தொட்டது.

"எட்ட மாட்டீங்குதே" என்றாள். பிறகு பெஞ்சையும் அதன் பக்கத்தில் தொங்கிய என் கையையும் பார்த்தாள். "மணிக்கட்டு ஒசரமுங்களா?"

"உளுந்த நான் போட்டுத் தள்ளி விடறனே" என்றேன்.

"உளுந்துப் பக்குவம் உங்குளுக்குத் தெரியுமுங்களா? ஸ்டூலச் செய்யுங்க. பொழுது இன்னும் உழுகுல."

அது உண்மைதான். வெயில் இருந்தது, தவணையும் இருந்தது. பெஞ்ச்தான் இல்லை. மிச்சமிருந்த வேம்புத் துண்டுகளையும் ரம்பத்தையும் இழைப்புளியையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, சமையல் மேடைமேல் வைத்து அறுத்தேன். கேஸ் அடுப்புக்கும் மிக்ஸிக்கும் நடுவே இழைத்தேன். பாலுசாமி கட்டையைப் பிடித்துக்கொண்டார். கடுகு டப்பாவில் மரத்தூள் விழுந்தது, அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பேசிக்கொண்டோம். பொழுது கொய்யா மரத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தபோது நாலு காலும் ஒரு பலகையுமாக ஒன்றை ராமாத்தாள் கையில் கொடுத்தேன்.

வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பொழுதையும் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"செரிங்க. சொன்னா சொன்னதுதான். ஷெட்டு உங்குளுது" என்றாள். "கிரைண்டரு மட்டும் அங்கியே இருக்கட்டும். போல்ட்டுப் போட்டத எதுக்குப் பிரிச்சுக்கிட்டு."

ஸ்டூலைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டு ஏறினாள். நாலு கால்களில் மூன்று தரையில் இருந்தன. அவள் உளுந்தைச் சாய்க்கச் சாய, ஸ்டூல் டக்கென்று ஒரு பக்கம் இறங்கியது, நிமிர, டக்கென்று மறுபக்கம் இறங்கியது.

"ஏனுங்க, இது ஆடுதுங்களே."

பாலுசாமி குனிந்து ஸ்டூல் கால்களைப் பார்த்தார். பிறகு அது நிற்கும் தரையைப் பார்த்தார். பிறகு மூலையில் மீதியிருந்த அரை மூட்டை சிமெண்டைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன்.