இருசப்பனிடம் சொல்லாதது

1

இந்தக் கதையைத் திருடினேன். 2005 சித்திரையில், பாண்டி பஸ்ஸில் என் பின்சீட்டில் ஒருத்தி பக்கத்துக்காரியிடம் சொன்னாள்: "அவருகிட்ட மூலம்னு சொல்லி வெச்சிருக்கேன்." கூனிமேட்டில் இறங்கிப் போய்விட்டாள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆண்டாள் என்று நானே பேர் வைத்தேன். புருஷனுக்கு இருசப்பன். இரண்டு பேருக்கும் மரக்காணம் உப்பளத்தில் வேலை கொடுத்தேன். இருசப்பனுக்கு நோயையும் நான்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

2

முதல் தொடக்கம்: உப்பளத்தின்மீது வெயில் வெள்ளியை உருக்கி ஊற்றிய

(அடித்துவிட்டேன். அங்கே வேலை செய்கிறவர்களைக் கேட்டால் கண் கூசுது என்பார்கள், அவ்வளவுதான்.)

இரண்டாவது தொடக்கம்: டாக்டரம்மா ஆண்டாளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"குடல்ல ஒரு சதை வளர்ந்திருந்துச்சி. ரத்தம் போனது அதாலதான். ட்யூப் விட்டுப் பாக்கும்போதே எடுத்துட்டோம். அதுல கேன்சர் இருக்குது. ஆரம்பந்தான், பயப்படாதீங்க. ஆனா அடிப்பக்கம் சுத்தமா வரல. அந்தத் துண்டுக் குடலை வெட்டிட்டுச் சேத்துத் தெச்சிடலாம். இல்லன்னா மூணு மாசத்துக்கு ஒருதரம் ட்யூப் விட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணும். வெட்டுறதுதான் பத்திரம். ஒரு மாசத்துல முடிவு சொல்லுங்க."

வெளியே காத்திருந்த இருசப்பன் கேட்டார்: "இன்னாவாம்?"

"மூலமாம்" என்றாள் ஆண்டாள்.

(இந்த இடத்தில் நான் அவளைத் தடுத்திருக்கலாம். நீங்கள் மட்டும் என்ன, உங்கள் வீட்டில் வேறு மாதிரியா சொல்லியிருப்பீர்கள்?)

3

பொய்யில் ஒரு தொல்லை உண்டு. கேட்டவர் அதை நம்பி நியாயம் பேச ஆரம்பித்துவிடுகிறார்.

"மூலத்துக்கு எவனாவது குடலை வெட்டுவானா? எங்கப்பனுக்கும்தான் இருந்துச்சி. துத்திக்கீரை தின்னே எம்பது வயசு இருந்தாரு."

"டாக்டரம்மா வெட்டணும்னு சொல்றாங்கய்யா."

"வெட்டட்டும். ஐப்பசி மழையில பாத்தி முழுவட்டும். அப்ப சும்மாத்தான கெடக்கப்போறேன், அங்க போய்ப் படுத்துக்கிறேன். சுனாமி ரொப்பின சேத்தை எல்லாம் வாரிப் போட்டு இப்பத்தான் உப்பு விளையுது."

"யோவ், ஐப்பசி வரைக்கும் தாங்காதுய்யா!"

"மூலம் தாங்காதா? இன்னாமே பேசுற?"

வேலி ஓரம் துத்தி பறித்தாள், ஆய்ந்தாள், ஆக்கிப் போட்டாள். ஒரு வாரத்தில் இருசப்பன் முகமெல்லாம் சிரிப்பு.

"கீரை கேக்குதுமே! ரத்தமே நின்னுடுச்சி. இதுக்குப் போயி வெட்டணுமாம்."

(ரத்தம் நின்றது சதையை எடுத்ததால். இதை நான் உங்களிடம் சொல்லலாம். ஆண்டாள் அவரிடம் எப்படிச் சொல்வாள்?)

அவள் தம்பி செல்லப்பன் வேறு வந்து, "மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா, அந்தப் பேரைக் கேட்டாலே ஆளு போயிடுவாரு" என்றான்.

"சொல்லலன்னா போவ மாட்டாரா? போடா அந்தாண்ட!"

4

பொறுமை போய், ஆண்டாளுக்கு மூன்று வசனம் எழுதிக் கொடுத்தேன்.

அ) "யோவ், உனக்கு வந்திருக்கிறது..." (இதற்கு மேல் வாய் வரவில்லை அவளுக்கு.)

ஆ) அவள் தாலியைக் கையில் பிடித்தபடி (சீ!)

இ) "டாக்டரம்மாவே சொல்லட்டும்." (டாக்டரம்மா, "வீட்டுக்காரங்க நீங்கதான் பக்குவமா சொல்லணும்" என்றுவிட்டார்.)

மூன்றையும் ஒதுக்கிவிட்டு, பதினெட்டாம் நாள் வரப்பில் சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள். இருசப்பன், "இன்னும் கொஞ்சம் கீரை வையிமே" என்று தட்டை நீட்டினார். அவ்வளவுதான்.

"கீரையும் வேணாம் மண்ணும் வேணாம்! அது மூலம் இல்லய்யா. கேன்சரு. ஆரம்பந்தானாம். நீ பாட்டுக்கு ஐப்பசி, கார்த்திகைன்னு உயிரை வாங்குற!"

இருசப்பன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

"வேற யாருக்குத் தெரியும்?"

"செல்லப்பனுக்கு. அவன் பொண்டாட்டிக்கு. கடை அந்தோணிசாமிக்கு..."

"குடலு யாருதுமே?"

5

நான் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் வெட்டிக்கொண்டு, ஆறாம் வாரம் பாத்தியைச் சும்மா சுற்றிப் பார்க்க வருகிறார். மற்றதில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ட்யூப் விடக் குடல் காலியாக வேண்டுமென்று பேதி மருந்தைக் குடித்துவிட்டுப் பாண்டி பஸ் ஏறுகிறார் (குடித்துவிட்டு எப்படி ஏறுவார் என்று நான் யோசிக்கவில்லை). இரண்டையும் கிழித்துவிட்டேன். காட்டினால் என்னிடமும் அதே கேள்வியைத்தான் கேட்பார்.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிட்டதும் ஆண்டாள் முதலில் எழுந்தாள்.

"நீ இங்கயே இரு."

"உனக்கு விவரமா கேக்கத் தெரியாதுய்யா."

"தெரியாட்டி ரெண்டு தபா கேக்குறேன். இரு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் காதை வைத்துப் பார்த்தேன், ஃபேன் சத்தம்தான் கேட்கிறது. இந்தப் பக்கம் ஆண்டாள், நான், நீங்கள். உங்களுக்கு ஏதாவது காதில் விழுந்தால் விழட்டும். ஆண்டாளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் வந்து சொல்லட்டும்.