வழியனுப்பு வேட்டு

காலையில் அந்தப் பழைய விமானம் எங்கள் தெருவுக்கு மேலே பறந்தபோது நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பாசி நிறம், மூக்கில் ஒரே ஒரு விசிறி. உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய சத்தம். தெருவே அண்ணாந்து கையாட்டியது. எனக்கு மட்டும் அதை நிமிர்ந்து பார்க்க மனம் வரவில்லை. பார்த்திருக்க வேண்டிய மனிதரை விடிந்ததும் திட்டி வேலைக்கு அனுப்பியிருந்தேன்.

ஊருக்கு மேற்கே பட்டாசுக் கம்பெனி. அதைத் தாண்டினால், வெள்ளைக்காரன் சண்டைக்காலத்தில் போட்ட விமானத்தளம். சண்டை முடிந்ததும் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டானாம். மிளகாய் வத்தல் காயப்போடவும் சோளம் அடிக்கவும் அதைவிட நல்ல தரை சாத்தூர் வட்டாரத்திலேயே கிடையாது. அந்தக் காலத்துப் போர்விமானங்களைப் பழுதுபார்த்துப் பறக்கவிடுகிற ஒரு கூட்டம் பெங்களூரில் இருக்கிறது, அவர்கள் இங்கே ஒன்றைக் கொண்டுவந்து இறக்கப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் வெள்ளைத்துரைக்குத் தரையில் கால் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு போய்த் தளத்து விரிசல்களில் முளைத்த சீமைக்கருவேலத்தை வெட்டினார். யாரும் கூப்பிடவில்லை. கல்யாணமான புதிதில் மற்றவர்கள் பெண்டாட்டியை இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். இவர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டியது அந்தக் காரைத் தரையைத்தான். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இன்னைக்கு ஒரு நா லீவு போட்டுக்கிறேன் செல்வி" என்று காலையில் மெல்ல ஆரம்பித்தார்.

"தீவாளி ஆர்டரு தலைக்கு மேல கெடக்கு. லீவு போட்டா போர்மேன் உங்கள மருந்து ரூமுக்கு மாத்திருவாருன்னு தெரியாதா? ஏரோப்பிளேன் வந்து சோறு பொங்கிப் போடுமோ?"

சோற்றைப் பற்றியல்ல என் கவலை. வெடிமருந்து கலக்குகிற அறைதான் என் கவலை. இத்தனை வருஷமாக அவரை டப்பா ஒட்டுகிற பக்கமே வைத்திருக்க நான் வேண்டாத சாமி இல்லை. அதைச் சொல்லத் தெரியாமல் சோற்றைச் சொன்னேன். அவர் தூக்குவாளியை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார். நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

மத்தியானம் பக்கத்து வீட்டு முருகம்மாள் தளத்திலிருந்து திரும்பி வந்து, கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். விமானம் இறங்கியது, பிள்ளைகள் தொட்டுப் பார்த்தது, எல்லாம் நன்றாகத்தான் நடந்ததாம். ஆளுக்கு ஆள் அடையாளம் தெரியாத கூட்டமாம். ஊர்த் தலைவர் சங்கிலிமுத்துவுக்கு மட்டும்தான் மனக்குறை. கோயில் கொடைக்குப் போடுகிற அதிர்வேட்டை இரும்புக் குழாய்களில் இடித்து வரிசையாக நட்டு வைத்திருந்தாராம். விமானத்தில் பெட்ரோல் இருக்கிறது, கிட்டத்தில் தீப்பொறியே ஆகாது என்று வந்தவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

"தலைவரு மொகத்தப் பாக்கணுமே மதினி. சாமி வந்தாலும் வேட்டு, பொணம் போனாலும் வேட்டு, இம்புட்டுத் தூரம் பறந்து வந்ததுக்கு வெறுங் கைத்தட்டான்னு பொலம்பிக்கிட்டே சாக்கப் போட்டு மூடிட்டாக."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் கை கால் கழுவத் தன் வீட்டுக்குப் போனாள். நான் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். வெடிச்சத்தம் எங்களுக்குப் புதிதில்லை. கம்பெனிகளில் தினமும் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள், தொட்டில் பிள்ளைகூட அதற்குப் புரண்டு படுக்காது. இது காதுக்கு முன்னால் காலுக்குக் கேட்டது. அலமாரியில் தட்டுகள் குலுங்கின. அரிவாள்மணையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். தெருவில் எல்லோரும் நின்றார்கள். எல்லா முகமும் மேற்கே. கம்பெனிப் பக்கம் புகை எழுந்துகொண்டிருந்தது.

விமானத்தைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. சாக்குப் போட்டு மூடிய வேட்டை நானும் நினைக்கவில்லை. இந்த ஊர்ப் பெண்ணுக்குப் புகை என்றால் ஒன்றே ஒன்றுதான். போனை எடுத்து அவருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. வேலைக்குள் போகும்போது போனை வாசல் பெட்டியில் போட்டுவிட வேண்டும், யாரும் எடுக்க மாட்டார்கள், எல்லாம் தெரியும். தெரிந்தும் காதிலிருந்து இறக்காமல் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றதோ. லீவு போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் தளத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருப்பாரே, நானே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டேனே என்று அந்த ஒரு நினைப்புத்தான் வழி நெடுக.

எனக்கு முன்னால் முருகம்மாள் ஓடினாள். இரண்டு தீபாவளிக்கு முன்னால் இப்படி ஒரு மத்தியானத்தில்தான் அவள் புருஷன் போனார். இப்போது அவளுக்கு உள்ளே யாருமில்லை. இருந்தும் எப்போது சத்தம் கேட்டாலும் முதலில் ஓடுகிறவள் அவள்தான். ஏன் என்று நான் கேட்டதில்லை.

பாதி வழியில், கம்பெனி ஆட்கள் எதிரே ஓடி வந்தார்கள். சத்தம் கேட்டால் கையிலுள்ளதைப் போட்டுவிட்டு வெட்டவெளிக்கு ஓட வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். எல்லோர் மேலும் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளிப் பொடி அப்பியிருந்தது. யார் எவர் என்று அடையாளமே தெரியவில்லை. "எங்களுக்கு ஒண்ணுமில்ல! நம்ம கம்பெனி இல்ல!" என்று கத்திக்கொண்டே வந்தார்கள். நாங்கள் ஓடியதும் அவர்கள் ஓடியதும் நடுரோட்டில் முட்டிக்கொண்டன. அவரவர் ஆளை அவரவர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கிழவி தன் மகனைக் கன்னத்தில் அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். நான் முகம் முகமாகத் துழாவினேன். என் ஆள் இல்லை.

கடைசியாக போர்மேன் காசிராஜன் வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே... அவரு?"

"வெள்ளத்தொரையா? அவன் இன்னைக்கு வேலைக்கே வரலயே தாயி. வயித்துவலின்னு காலையிலயே போன் போட்டானே."

ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பொய். என் புருஷன் எனக்கும் போர்மேனுக்கும் சேர்த்து ஒரே பொய்யாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்யைக் கையெடுத்துக் கும்பிட்டேன். போன உயிர் காலிலிருந்து மேலே ஏறி வருவது தெரிந்தது.

அந்த நேரம் கருவேலங்காட்டுக்குப் பின்னாலிருந்து விமானம் எழுந்தது. ஊர்ப் பக்கம் திரும்பாமல் தெற்கே வளைந்தது. அதன் இரைச்சலுக்குக் கீழே, தளத்துப் பாதையிலிருந்து ஒரு சைக்கிள் தலைதெறிக்க வந்தது. என் வீட்டுக்காரர்தான், என்னமோ கத்திக்கொண்டே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. விரலிடுக்கில் பாதி எரிந்த ஊதுபத்தி இருந்தது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல..." சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மூச்சு வாங்கினார். "வெமானம் தளத்து அந்தக் கடைசிக்குப் போயிருச்சு, இனி நம்மள யாரு கேக்கப்போறா, வழியனுப்பவாச்சும் போடுவோம்னு தலைவரு பிடிவாதம். குழா அம்புட்டையும் ஒரே திரியில கோத்துட்டாக. திரி வைக்க ஆள் வேணும்னாக. நாந்தான் வச்சேன். காது அடைச்சதுல போன் அடிச்சதுகூடக் கேக்கல. பொறவு பாத்தா, ரோட்டுல நீங்க எல்லாம் ஓடுறீக..."

அத்தனை பேரும் அந்த ஊதுபத்தியையே பார்த்தார்கள். முருகம்மாள்தான் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, விடாமல் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து இரண்டு வருஷமாகிறது. பிறகு ரோடே சிரித்தது. "ஏலே வயித்துவலி, நாளைக்கு வாலே, ஒன்னிய வச்சிக்கிறேன்" என்றார் காசிராஜன். சொல்லும்போது அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து போய் அடிக்கத்தான் கையை ஓங்கினேன். கை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. விமானம் வட்டமடித்துத் திரும்பி எங்களை நோக்கித் தாழ வந்தது. வெள்ளி முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அண்ணாந்தன. அவர் மட்டும் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்க புள்ள? ரத்தம் வருதே."

"மேல பாருங்க. அதுக்குத்தான இம்புட்டுப் பொய்யும்."

பார்த்தார். சின்னப்பிள்ளை போல வாயைத் திறந்துகொண்டு, அது போகிற வரைக்கும் பார்த்தார். அதன் நிழல் எங்கள் எல்லோர் மேலும் ஏறி இறங்கிக் கரிசலுக்குள் போனது.

"விடு செல்வி. எல்லாரும் பாக்குறாக" என்றார் பிறகு.

விடத்தான் நினைத்தேன். விரல்கள் பிரியவில்லை. அவர் ஒவ்வொன்றாக மெல்லப் பிரித்துவிட்டார். கடைசி விரலுக்கு வருவதற்குள் முதல் விரல் மறுபடியும் சட்டையைப் பிடித்திருந்தது.