கருக்குவிளைப் பரீட்சை

1911-ஆம் வருஷம் கோடைக்குக் கோர்ட்டுகள் மூடியதும் நான் ஒரு புதுக் குறிப்புப் புத்தகம் தைத்து, ஆறு வாரத்துக்கும் கட்டம் போட்டேன். கட்டம் போடாமல் எனக்கு எதுவும் ஓடாது. பகலில் பாளையங்கோட்டையில் வக்கீல் கைலாசம் பிள்ளையிடம் நகல் எழுதிவந்தேன். சாயங்காலம் மிஷன் பள்ளியில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் இங்கிலீஷும் கணக்கும் படித்துவந்தேன். எனக்குத் தெரிந்த எல்லாம் விளக்கு வெளிச்சத்தில்தான் என் தலைக்குள் ஏறியது.

எங்கள் சபை வாலிபர்கள் கோடையில் கிராமங்களுக்குப் போய் ஊழியம் செய்வது வழக்கம். அந்த வருஷம் நானும் பெயர் கொடுத்தேன். பக்தியினால் கொடுத்தேன் என்று எழுதக் கை வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். என் தாத்தா காலத்திலேயே நாங்கள் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்துவிட்டோம். அதனால் எனக்கு ஜெபங்கள் தெரியும். ஆனால் ஒரு ஜெபமாவது என்னைத் தொட்டது என்று சொல்ல என்னிடம் ஒரு தேதி இல்லை. மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

விடைபெறப் போனபோது வக்கீல் ஐயா வெற்றிலையை மடித்தபடி கேட்டார்.

"ஏலே இஸ்ரவேலு, எங்கிட்டப் பேசவே நீ பத்து நிமிசம் யோசிப்ப. பனங்காட்டுல போயி யாருக்குலே பிரசங்கம் பண்ணப் போற?"

தெரியவில்லை என்று சொன்னேன். அது உண்மை.

எனக்குக் கிடைத்த ஊர் கருக்குவிளை. ஸ்ரீவைகுண்டம் அணைப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் வயலின் பச்சை ஒரு இடத்தில் சட்டென்று நின்று, செம்மண்ணும் பனையும் தொடங்கும். அங்கிருந்து நாலு மைல் நடை. ஊரில் இருபது பேர் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். பதினோரு ஆண்கள், ஒன்பது பெண்கள். பத்துக் கற்பனைகள் என்கிற பத்துக் கட்டளைகள், எதை நம்புகிறோம் என்று சொல்லும் விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் மூன்றையும் மனப்பாடமாகச் சொன்னால்தான் ஞானஸ்நானம். ஏற்கெனவே இரண்டு வருஷம் தேறவில்லை. அந்த வட்டாரத்துக் குரு ஞானாபரணம் ஐயர். எங்கள் சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் அழைப்போம். அவர் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஜூன் மூன்றாம் தேதி சனிக்கிழமை அவர் வந்து பரீட்சை வைப்பார். தேறினால் மறுநாள் பெந்தெகொஸ்தே ஞாயிற்றில் ஞானஸ்நானம். இந்த முறையும் தேறாவிட்டால் கருக்குவிளையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு வேறு ஊரைப் பார்க்க வேண்டியதுதான்.

ஏப்ரல் இருபத்துநான்காம் தேதி, திங்கட்கிழமை, ஓலை வேய்ந்த சிறு ஜெப வீட்டில் விளக்கேற்றி ஏழு மணிக்கு வகுப்பைத் தொடங்கினேன். அந்த வாரக் குறிப்பு இப்படி இருக்கிறது.

திங்கள்: வந்தவர் மூவர். தூங்கியவர் மூவர்.
செவ்வாய்: வந்தவர் இருவர். ஒருவர் தூங்கினார். மற்றவர் அவரை எழுப்ப வந்தவர்.
புதன்: வந்தவர் இல்லை.

வியாழனும் வெள்ளியும் உபவாசம் இருந்தேன். என் விசுவாசக் குறைவைத்தான் கர்த்தர் இப்படிக் காட்டுகிறார் என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். சனிக்கிழமை காலை மயக்கமாக வந்தது. பதநீர் காய்ச்சுகிற குடிசை வாசலில் போய் உட்கார்ந்தேன். உள்ளே அப்பாத்துரையின் மனைவி கனி, கருப்பட்டிப் பாகைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அப்பாத்துரை பதினோரு பேரில் ஒருவன், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன். அவள் ஓலைப் பட்டையில் பதநீர் கொடுத்துவிட்டு, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். யாரும் வராததால் உபவாசம் என்றேன்.

"நல்ல கூத்து தம்பி. ஆம்பளைக ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு முப்பது பனை ஏறி எறங்குதாக. சாயங்காலம் திரும்ப அதே முப்பது. அதுக்கு மேல நீரு விளக்கக் கொளுத்தி வச்சுக்கிட்டுக் கூப்பிட்டா பொணம்தான் வரும். நீரு பட்டினி கெடந்தா அதுக்குக் கண்ணு தொறக்குமா?"

பனங்காட்டில் கோடைதான் பருவம் என்பது எனக்குத் தெரியும். பதநீர் சுரக்கிற பாளையை ஒரு நாள் சீவாமல் விட்டால் அது காய்ந்துவிடும் என்பதும் தெரியும். ஆனால் அதை என் கட்டத்தோடு சேர்த்து யோசிக்கவில்லை. நான் இரவில் படித்தேன், அதனால் உலகமே இரவில் படிக்கும் என்று நினைத்திருந்தேன். சரி, அவர்கள் எப்போது சும்மா இருப்பார்கள் என்று கேட்டேன்.

"ஆடி பொறக்கட்டும்" என்றாள் கனி. ஆடிக்கு முன்பே பரீட்சை முடிந்துவிடும்.

திங்கட்கிழமை காலை நான் காட்டுக்குப் போனேன். அப்பாத்துரை ஒரு பனையின் உச்சியில் இருந்தான். நான் அடியில் நின்று முதல் கற்பனையைக் கத்திச் சொன்னேன். என் குரல் எனக்கே வெட்கமாக இருந்தது. மேலே பாளை சீவுகிற சத்தம் நின்றது.

"வாத்தியாரே, நீரு வேதத்த மேல அனுப்பும். நான் பதனிய கீழ அனுப்புதேன்."

நாலு பனை தள்ளி யாரோ சிரித்தார்கள். ஆனால் அவன் நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னான். பிழையில்லாமல் சொன்னான். அடுத்த பனைக்கு அவன் நடந்தபோது நானும் பின்னால் போனேன், இரண்டாவதைச் சொன்னேன்.

அன்றைக்கே காட்டுக்கு ஒரு படம் வரைந்தேன். பதினோரு பேருடைய பனைகளும் அடுத்தடுத்து நின்றதால் அது வசதியாக இருந்தது. ஒவ்வொருவனுக்கும் முதல் பத்துப் பனை பத்துக் கற்பனைகள். அடுத்த பன்னிரண்டு பனை விசுவாசப் பிரமாணத்தின் பன்னிரண்டு பகுதிகள். கடைசி ஏழு பனை ஜெபத்தின் ஏழு விண்ணப்பங்கள். உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பனைக்கு உரியதைச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் அரிவாளை எடுக்க வேண்டும். திருடக் கூடாது என்கிற எட்டாவது, ஒருவனுக்கு அடுத்தவன் எல்லையை ஒட்டிய பனையில் விழுந்தது. அதைச் சொல்லிக் காடே ஒரு வாரம் அவனைக் கேலி செய்தது.

அப்பாத்துரையின் வரிசையில் பத்தாவதாக நின்ற பனையை மட்டும் நான் விட்டுவிட வேண்டியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் அண்ணன் அதிலிருந்து விழுந்து செத்துப்போனான். அதில் ஏறுகிறவன் விழுவான் என்று ஊர் நம்பியது. யாரும் அதில் ஏறுவதில்லை. படத்தில் அதற்கு எண் போடாமல், பத்தாம் கற்பனையை அடுத்த பனைக்கு மாற்றினேன்.

பெண்களுக்குக் காய்ச்சுகிற குடிசையிலேயே சொல்லிக்கொடுத்தேன். பாகு பதம் வருவதற்குள் அவர்கள் மூன்றையும் இரண்டு தடவை சொல்லிவிடுவார்கள். மூன்றாவது வாரத்தில் ஆண்களுக்கும் நான் கத்த வேண்டியிருக்கவில்லை. ஒருவன் மறந்தால் பக்கத்துப் பனை எடுத்துக்கொடுத்தது. நான் அடியில் படத்தைப் பிடித்துக்கொண்டு, சொன்னவர் பெயருக்கு நேரே புள்ளி வைத்தேன்.

மே இருபத்திரண்டாம் தேதி, சூரியன் உதிக்கும் நேரம், பதினோரு பேரும் ஏறக்குறைய ஒன்றாகக் கடைசிப் பனைகளுக்கு வந்துவிட்டார்கள். ஜெபம் ஒரு உச்சியிலிருந்து இன்னொரு உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. என் தலைக்கு மேல் அறுபது அடியில், ஆள் தெரியாமல், குரல் மட்டும். அன்றன்றைக்கு உணவு கேட்கிற இடத்தை யாரோ ஒருவன் கலயத்தை மாற்றியபடியே சொன்னான். சின்ன வயதிலிருந்து நான் சொல்லிவருகிற ஜெபம் அது. அதை அன்றைக்குத்தான் கேட்டேன். புள்ளி வைக்க மறந்துபோனேன். குறிப்பில் அந்தத் தேதிக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.

ஐந்தாம் வாரக் கடைசியில், எண் போடாத பனையில் ஒரு கலயம் தொங்கக் கண்டேன். அப்பாத்துரையைக் கேட்டேன். பாளை வீணாகப் போகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

ஜூன் மூன்றாம் தேதி பத்து மணிக்கு ஐயர் வில்வண்டியில் வந்து இறங்கினார். ஜெப வீட்டில் பாய் விரித்திருந்தது. முதலில் பெண்கள். ஒன்பது பேரும் தேறினார்கள். கனி விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது அவள் வலது கை, பாகு கிண்டுகிற மாதிரி, மடியில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐயர் அதைப் பார்த்தார்.

அடுத்து அப்பாத்துரை எழுந்தான். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தலையைப் படிய வாரியிருந்தான். முதல் கற்பனையைச் சொன்னான். இரண்டாவதில் பாதி. அதோடு வாய் நின்றுவிட்டது. நெற்றியில் வேர்வை வந்தது. ஐயர் பொறுமையாக முதல் சொல்லை எடுத்துக்கொடுத்தார். அவன் ஐயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு தன் கால்களைப் பார்த்தான். அடுத்தவன் எழுந்தான், அவனுக்கும் அதே கதி. ஆறு பேர் எழுந்து உட்கார்ந்த பிறகு ஐயர் புத்தகத்தை மூடினார்.

"மூணு வருசமாச்சு. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

நான் சுவரோரம் நின்றேன். என் தப்பு எனக்குப் புரிந்துவிட்டது. நான் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை, அவர்களுடைய மரங்களுக்குக் கற்பித்திருந்தேன். தரையில் அவர்களுக்கு எண் இல்லை, வரிசை இல்லை. நான் செய்கிற எதுவும் கடைசியில் இப்படித்தான் ஆகும் என்று வழக்கம்போல் நினைத்தேன். ஐயர் எழுந்து குடையை எடுத்தார். வண்டிக்காரன் மாட்டைப் பூட்டப் போனான்.

கனி தன் புருஷனைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தாள்.

"தரையில உக்காந்தா இவுகளுக்குச் சோறு திங்க மட்டும்தான் தெரியும்."

அதைக் கேட்டதும், பத்து நிமிஷம் யோசிக்காமல் நான் பேசிவிட்டேன்.

"ஐயா, தரையில வச்சுக் கேக்கணும்னு விதி இருக்குதா?"

ஐயர் திரும்பினார். காட்டுப் படத்தை விரித்துக் காட்டினேன், நடந்ததையெல்லாம் சொன்னேன். மனப்பாடம் அவர்களிடம் இருக்கிறது, அது உச்சியில் இருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். விளையாட்டா என்று கேட்டார். இல்லை என்றேன். தான் முப்பது வருஷமாகக் குருவாக இருப்பதாகவும், இதுவரை அண்ணாந்து பார்த்துப் பரீட்சை வைத்ததில்லை என்றும் சொன்னார். ஆனால் குடையை விரித்துக்கொண்டு காட்டுப் பக்கம்தான் நடந்தார்.

வெள்ளை வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டுப் பதினோரு பேரும் ஏறினார்கள். ஐயர் நடுவில் மணலில் நின்றார். அப்பாத்துரை தன் முதல் பனையின் உச்சியில் மட்டையைப் பிடித்து நின்றுகொண்டான். குரல் வந்தது. வார்த்தை ஒன்று தவறாமல் வந்தது. ஐயர் சும்மா விடவில்லை. வரிசையைக் குலைத்து, ஆறாவது எது என்று கேட்டார். அப்பாத்துரை அரிவாளை நீட்டித் தன் ஆறாவது பனையைக் காட்டினான், கற்பனையைச் சொன்னான். ஒன்பதாவது? அரிவாள் நகர்ந்தது, சொன்னான். ஐயர் அடுத்தவனிடம் போனார், அதற்கடுத்தவனிடம் போனார். விசுவாசப் பிரமாணம் முடியும் முன் அவர் குடையை மடக்கிவிட்டார். வெயில் முகத்தில் அடிக்க அண்ணாந்து நின்றார். கடைசி ஆள் ஜெபத்தை முடித்தபோது ஆமென் என்று பதினோரு உச்சியிலிருந்தும் வந்தது, கீழே நின்ற ஒன்பது பெண்களும் சொன்னார்கள்.

எல்லோரும் இறங்கினார்கள். ஐயர் அப்பாத்துரையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கிளிப்பிள்ளையும் சொல்லும், இதனால் உனக்குள் என்ன மாறியது?

அப்பாத்துரை, படத்தில் எண் இல்லாத அந்தப் பனையைக் காட்டினான்.

"அது எங்க அண்ணன் விழுந்த பனை, ஐயா. ரெண்டு வருசமா நான் அதும் பக்கமே போனதில்ல. போன வாரம் ஒரு நா ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே வந்தேன். அங்கன வந்து நின்னேன். பயமாத்தான் இருந்துச்சு. ஆனா தனியா இல்லன்னு பட்டுது. பைய ஏறுனேன். இப்பம் தெனம் ஏறுதேன்."

ஐயர் அந்தப் பனையிடம் நடந்து போய் அதன் மேல் கையை வைத்தார். திரும்பி வந்தபோது என் படத்தைக் கேட்டார். எண் போடாமல் நான் விட்டிருந்த இடத்தில் தன் பேனாவால் பத்து என்று எழுதினார். இருபது பெயரையும் நாளைக்கு ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதிக்கொள்வதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் அவர்கள் வழக்கம்போல் ஏறி, பாளை சீவி, குளித்துவிட்டு வந்தார்கள். ஓய்வுநாளில் ஏறலாமா என்று முந்தின நாள் கேட்டதற்கு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது போல் பாளைக்கும் அரிவாளைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று ஐயர் அனுமதி கொடுத்திருந்தார்.

ஞானஸ்நானத்துக்கு முன் எல்லோரும் நின்று விசுவாசப் பிரமாணம் சொல்ல வேண்டும். அதைத் தரையில்தான் சொல்ல வேண்டும். ஐயர் என்னைப் பார்த்தார். நான் தொடங்கினேன். நாலாவது பகுதி வந்தபோது, இருபது வருஷமாகச் சொன்னது என் நினைவிலிருந்து கழன்று போய்விட்டது.

அப்பாத்துரை தலையை நிமிர்த்தி ஓலைக் கூரையைப் பார்த்தான். இரண்டு கைகளும் தாமாக உயர்ந்து, இல்லாத ஒரு பனையைக் கட்டிக்கொண்டன. அந்த வரியை அவன் எடுத்தான். மற்றப் பத்துப் பேரின் கைகளும் உயர்ந்தன. கனியின் கை சுற்றத் தொடங்கியது. குரல்கள் கூரையைத் தொட்டன, வாசலில் நின்ற மாடுகள் திரும்பிப் பார்த்தன.

நான் அவர்கள் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனேன்.