பொதுக் கிணற்றுக்கு எழுதிய கதை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, ஆர்டர் கொடுத்து வாங்கப்பட்டது. ஐம்பத்தொன்பதில் திண்டுக்கல்லில் என் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. கிராம வளர்ச்சிக்கு வழிகாட்டும் கொள்கைகளைச் சிறு புத்தகமாகப் போடப் போகிறோம், வெறும் கொள்கையை யாரும் படிக்க மாட்டார்கள், நீங்கள் அதை ஒரு கதையில் வைத்துக் கொடுங்கள் என்றார் வந்திருந்த அதிகாரி. கொள்கைகள் மூன்று. மக்கள் தங்கள் தேவையைத் தாங்களே சொல்ல வேண்டும். வேலையில் ஊரே உழைக்க வேண்டும். பலன் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். முடிவு மட்டும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். என்ன பெரிய வித்தை என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

புதுக் கிணறு வெட்டிய ஓர் ஊரின் திறப்பு விழாவுக்கு அதே ஜீப்பில் கூட்டிப்போனார்கள். சாணார்பட்டிப் பக்கம். ஊர்ப் பேர் வேண்டாம்.

2

முதல் ஆரம்பம்: "கதிரவன் பொற்கதிர் வீச, கடப்பாரைகள் ஒரே குரலில் பாட..."

(அடித்துவிட்டேன். கடப்பாரை எங்கே பாடியது? வெட்டினவர்களுக்கு மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.)

இரண்டாம் ஆரம்பம்: கிராம சேவக், அதாவது ஊர் வளர்ச்சி வேலைக்குச் சர்க்கார் அனுப்பிய ஊழியன், நாச்சிமுத்து. ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து இளைஞன், பயிற்சி முடித்து வந்த சூடு இன்னும் ஆறாதவன். இவனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன், வர மாட்டேன் என்கிறான். நல்லவன், அதுதான் வம்பே.

வந்ததும் ஊர்க் கூட்டம் போட்டான். மேலத்தெரு, கோயில் முன்னால் உட்கார்ந்தது. கீழத்தெரு, கோயிலுக்குள் நுழைய முடியாதவர்களின் தெரு, ரோட்டில் நின்றது. நாச்சிமுத்து ரோட்டுப் பக்கம் திரும்பி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். அந்த ஊரில் அவர்களிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. பண்ணை வேலைக்குப் போகும் ஒச்சம்மாள் வாயைத் திறந்தாள்.

"எங்க தெருவுல ஒரு கெணறு வேணும் சாமி. மேலத்தெருக் கெணத்தடியில கொடத்த வச்சுக்கிட்டுத் தள்ளி நிக்கிறோம். யாராச்சும் மனசு வந்து எறச்சு ஊத்துனாத்தான் எங்க வீட்டுல ஒல வைக்க முடியும்."

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் மூன்றாம் கொள்கை குறுக்கே வந்து நின்றுகொண்டது.

"தனியா ஒண்ணு வெட்டுனா தீண்டாமைக்கு நாமளே எடம் கொடுத்த மாதிரி ஆயிருமுங்கக்கா. ஊருக்கே பொதுவா வெட்டுவோம். நீங்களும் அதுலயே எறைச்சுக்குங்க."

இதில் என்ன தப்பு என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். நானும் அங்கே இருந்திருந்தால் கை தட்டியிருப்பேன். முதலில் கை தூக்கியது மேலத்தெருப் பொன்னுத்துரை. கீழத்தெருவில் பாதிக்கு மேல் அவர் வெங்காயக் காட்டுக்குத்தான் கூலிக்குப் போகிறது. பொதுக் கிணறுதான் நியாயம், மேலத்தெருவை ஒட்டின புறம்போக்கில் வெட்டலாம் என்றார். பழைய கிணறு கோடையில் வற்றிப்போகிறதே என்ற கவலை அவருக்கு. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

3

உழைப்புத் தானம், வீட்டுக்கு ஓர் ஆள் என்று முடிவாயிற்று. மேலத்தெருவும் ஆள் அனுப்பியது. ஒரு வீடு தவறவில்லை. அனுப்பிய ஆட்களெல்லாம் கீழத்தெருக்காரர்கள். எந்த வேலைக்கும் பண்ணையாளை அனுப்பியே பழகியவர்கள், தானத்துக்கும் அப்படியே அனுப்பினார்கள். ஒச்சம்மாள் தன் வீட்டுக்காக மண் சுமந்தாள். அவள் புருஷன் சங்கிலி, பொன்னுத்துரை வீட்டுக்காகப் பாறை உடைத்தான். இதில் யாருக்கும் கூச்சமே இல்லை, வயிறு எரிகிறது எனக்கு.

போட்டோ எடுத்த அன்று பொன்னுத்துரை மண்வெட்டியை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு

(பொய். அவர் விவசாயி, சரியாகத்தான் பிடித்திருந்தார். கோபத்தில் என் பேனா இல்லாததை எழுதுகிறது.)

4

திறப்பு விழா. மாலை, பேச்சு, மிட்டாய். கூட்டம் சாப்பிடப் போன பிறகு ஒச்சம்மாள் குடமும் கயிறுமாக வந்தாள். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக ஒரு கதை கிடைத்திருக்கும். பொன்னுத்துரை கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். சட்டமெல்லாம் தெரிந்தவர்.

"எறச்சுக்க ஒச்சு. கவர்மெண்டுக் கெணறு, நான் என்னத்தச் சொல்ல? நாளையிலருந்து காட்டுக்குக் களை வெட்ட ரெண்டு பேரும் வர வேணாம். சங்கிலிகிட்டயும் சொல்லிரு."

குரல் கொஞ்சமும் உயரவில்லை. நாச்சிமுத்துதான் பதறினான். "எறைங்கக்கா. நான் இங்கயே நிக்கிறனுங்."

"நீங்க இன்னைக்கு நிப்பீக சாமி" என்றாள் அவள்.

அதற்குள் சாப்பாடு ஆறுகிறதென்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

5

அதிகாரிக்கான முடிவு: பொன்னுத்துரை மனம் திருந்தி ஒச்சம்மாள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். (அச்சாபீஸ் மீரான் இதைப் படித்துவிட்டு, "அண்ணே, இத அச்சுக் கோக்கவே கூச்சமா இருக்குண்ணே" என்றார்.)

இலக்கியப் பத்திரிகைக்கான முடிவு: அவள் வெறுங்குடத்தோடு திரும்பி நடக்கிறாள், மேற்கே சூரியன்

(சீ.)

மூன்றாம் முடிவு: நாச்சிமுத்துவே இறைத்து அவள் குடத்தில் ஊற்றுகிறான். செய்யக்கூடியவன்தான். எழுதி முடித்து எனக்கே பிடித்துப்போனது. மறுபடி படித்தபோதுதான் தெரிந்தது, அதுவும் யாரோ மனசு வந்து ஊற்றிய தண்ணீர்தான்.

6

உண்மையில் என்ன நடந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். சொல்லப்போவதில்லை. சொன்னால் அடப்பாவமே என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அவள் கேட்ட கிணற்றை என்னாலும் கொடுக்க முடியவில்லை. கதையில்கூட அந்தத் தெருவில் ஒரு குழி வெட்ட எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

இனி உங்கள் பாடு. அவள் குடத்தின் கழுத்தில் சுருக்குப் போட்டு இறுக்கிவிட்டாள். பொன்னுத்துரை இன்னும் அங்கேயேதான் இருக்கிறார். இறைக்கச் சொல்லுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. சொல்லும் முன் ஒன்றே ஒன்று: நாளைக் காலையில் அவளும் சங்கிலியும் யார் காட்டுக்கு வேலைக்குப் போவது?