இழுக்கும் வண்டியும் இழுபடும் வீடும்

எங்கள் அயோவா மாநிலத்தில் விதைப்புக் கருவி வாங்கப் போகும் மூடன்கூட முதலில் கருவியைப் பார்ப்பான். அதற்கேற்ற டிராக்டரைப் பிறகே தேடுவான். என் தங்கை மார்லிஸின் கணவனாகிய வெர்லின் பயிர்க் காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே அவன் டிரக்கை முதலில் வாங்கினான். அது எதை இழுக்கப் போகிறது என்பதைப் பின்னர் யோசிக்கலாம் என்றிருந்தான்.

வீட்டை விற்றுவிட்டு, எஞ்சிய வாழ்நாளை, டிரக்கின் பின்னால் மாட்டி இழுக்கும் வீடாகிய ஒரு டிரெய்லரிலேயே கழிப்பது அவனது திட்டம். கோடையில் மலைப்பக்கம், குளிர்காலத்தில் அரிசோனாப் பாலைவனம். ஆண்டுதோறும் அப்படித் திரியும் பல்லாயிரம் முதியோருள் தானும் ஒருவனாகிவிட வேண்டும் என்று துடித்தான். வீட்டை வாங்குவோர் கிடைத்துவிட்டனர். மார்லிஸ் கையொப்பம் இடுவது ஒன்றே பாக்கி. "டிரெய்லரை என் கண்ணால பார்த்துட்டுத்தான் கையெழுத்து" என்று அவள் சொல்லியிருந்தாள். விற்பனைத் திடலுக்குத் தன் காரில் என்னையும் அழைத்துக்கொண்டாள்; வெர்லின் டிரக்கில் வந்தான். நானோ, அந்தக் கையொப்பத்தைத் தடுப்பதற்கென்றே சென்றேன். அவ்வீடு போய்விட்டால் அவளுக்கென்று இருப்பது, சக்கரத்தில் காற்று இறங்கினால் நகராத ஒரு கூரை மட்டுமே.

திடல் முழுவதும் டிரெய்லர்கள் நின்றன. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஓநாய், கழுகு, மலைமுகடு என ஏதேனும் ஒரு படம். உள்ளிருப்பதோ சாய்வு நாற்காலியும் தொலைக்காட்சியும். டிராய் என்னும் விற்பனையாளன் எங்களை நீளமான ஒன்றினுள் ஏற்றினான்.

"என்ன மச்சான், உள்ள வந்ததுமே மூஞ்சி சுளிக்குறீங்க?" என்றான் வெர்லின்.

"சுளிக்கலப்பா, வியந்து பாக்குறேன். சக்கரம் வச்ச வீட்டுக்குக் கணப்படுப்பு எதுக்கு?"

"அதுதான் சொகுசு. ஸ்விட்ச் போட்டா நெருப்பு எரியிற மாதிரியே தெரியும்."

"சூடு வருமா?"

"அதுக்குத் தனி ஸ்விட்ச் சார்" என்றான் டிராய், பெருமையோடு.

இவ்வகை மக்களிடையே ஒரு வழக்கம் உண்டு. டிரெய்லரை வாங்குமுன் அதனுள் ஒரு நாளை வாழ்ந்து பார்ப்பது போல் நடித்தாக வேண்டும். வெர்லின் மேலங்கியோடு குளியற்கூண்டினுள் நின்று, இல்லாத சோப்பை அக்குளில் தேய்த்தான். முழங்கை சுவரில் இடித்தது. மூடிய கழிப்பறைமீது அமர்ந்து கதவைச் சாத்தி, "முட்டி இடிக்கல!" என்று உள்ளிருந்து கூவினான். காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது பேரை அதட்டி வேலை வாங்கிய மனிதன்! அடுத்த டிரெய்லரின் சன்னலில் மற்றொரு கிழவர் இல்லாத முட்டையை வாணலியில் புரட்டிக்கொண்டிருந்தார்.

மார்லிஸும் நடித்தாள். கட்டிலில் படுத்துக் கண்களை மூடினாள். பின்பு எழுந்து, தொட்டியருகே நின்று தட்டுக் கழுவுவதுபோல் கைகளை அசைத்தாள். சன்னலுக்கு வெளியே தெரிந்தது பக்கத்து டிரெய்லரின் எரிவாயு உருளை மட்டுமே. ஆயினும் அவள் புன்னகைத்தாள். அஃது ஏளனப் புன்னகை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"என் டிரக் இதை இழுக்குமில்ல?" என்றான் வெர்லின்.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! பின்னால ஒண்ணு வருதுங்கிற நெனப்பே இருக்காது."

இவ்வாக்கியம் அத்தகைய திடல்கள் அனைத்திலும் சொல்லப்படுவது. வீட்டையே இழுத்துக்கொண்டு போகிறவனுக்கு அந்த நினைப்பே இராது என்பதை இவர்கள் புகழ்ச்சியாகக் கொள்கின்றனர்.

வெர்லினும் டிராயும் திரைச்சீலையின் நிறத்தைப் பற்றி விவாதிக்கத் தொடங்கியதும், மார்லிஸ் முன்தினம் விட்டுவந்த தன் கையுறையை எடுப்பதற்காக டிரக்கிடம் சென்றாள். நானும் உடன் சென்றேன். திறந்த கதவின் சட்டத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் வில்லையை அவள் குனிந்து படித்தாள். பிறகு குரல் கொடுத்தாள்; ஆண்கள் இருவரும் இறங்கி வந்தனர்.

"வெர்லின், ஆளும் சாமானும் சேர்த்து ஆயிரத்து நானூறு பவுண்டுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு போட்டிருக்கே, பாத்தியா?"

"அதெல்லாம் சும்மா பேருக்குப் போடுறதும்மா. இழுவையப் பாரு, பத்தாயிரத்துக்கு மேல!"

"இழுக்குறது வேற, சுமக்குறது வேற. டிரெய்லரோட மூக்கு டிரக் மேலதான உக்காரும்? டிராய், எல்லாம் ஏத்தின பிறகு மூக்குப் பாரம் எவ்வளவு வரும்?"

இதையெல்லாம் இவள் எங்கே கற்றாள் என்று நான் திகைத்தேன். டிராய் வானத்தை நோக்கினான். "ஆயிரம் வரும் மேடம். கொக்கிக் கட்டு ஒரு நூறு."

"நீ எவ்வளவு வெர்லின்?"

"இருநூத்தி முப்பது."

"உண்மையச் சொல்லு."

"...இருநூத்தி அறுபது."

"அப்ப மிச்சம் நாப்பது. நான் எங்க உக்கார்றது? என் ஒரு காலைத்தான் ஏத்த முடியும்."

டிராய் சிரித்துவிட்டு, உடனே இருமினான்.

டிரக்கால் இவ்வளவு குறைவாகவே சுமக்க முடிந்ததற்குக் காரணம் எளிது. கண்ணாடிக் கூரை, முதுகைப் பிசைந்துவிடும் தோல் இருக்கைகள், காலடியில் தானே விரியும் படிக்கட்டு; இவை யாவும் டிரக் சுமக்க வேண்டிய பாரத்தைத் தாமே தின்றுவிட்டிருந்தன. பன்றிப் பண்ணைக் கூலியாட்கள் வாங்கும் மொட்டை டிரக், இதைக்காட்டிலும் மூன்று ஆள் பாரம் கூடுதலாகச் சுமக்கும். குறைவாகச் சுமப்பதற்காக வெர்லின் அதிகமாகச் செலவழித்திருந்தான். அத்தகைய தவற்றைச் செய்யக் கையில் காசும், ஓய்வூதியமும், பக்கத்து வீட்டுக்காரன் பார்க்க வேண்டும் என்னும் ஆசையும் ஒருங்கே வேண்டும்.

திடலின் மூலையில் ஆரஞ்சு நிற டிரக் ஒன்று நின்றது. மாவட்டச் சாலைத்துறை கழித்து விற்றது. பின்புறம் இரட்டைச் சக்கரங்கள், ரெக்சின் இருக்கை. டிராய் அதைத் தயக்கத்தோடு காட்டினான். "அழகு கிடையாது. ஆனா இந்த டிரெய்லரையும் இழுக்கும், உங்க ரெண்டு பேரையும் சுமக்கும்."

"அதுலயா? கேம்ப்ல இறங்கினா தார் போட வந்தவன்னு நெனப்பாங்க!" என்றான் வெர்லின்.

"நெனச்சா நெனச்சுக்கட்டும். மாத்திக்கலாம்" என்றாள் மார்லிஸ்.

வெர்லின் தன் டிரக்கின் முகப்பில் ஒட்டியிருந்த பூச்சியொன்றை நகத்தால் சுரண்டினான். பிறகு முகம் மலர்ந்து திரும்பினான். "இதுக்குப் போய் எதுக்கும்மா கவலை? நீ உன் கார்ல பின்னாலயே வந்துடு! எத்தனையோ பேர் அப்படித்தான் போறாங்க. சாயந்திரம் போய் இறங்கினா ஒண்ணாத்தான இருக்கப் போறோம்?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவன் அதை ஒரு பரிசுபோல் நீட்டினான்.

"உன் வண்டி முதுகப் பாத்துக்கிட்டே நான் வரணும். அரிசோனா வரைக்கும்."

"வாக்கி டாக்கி வாங்கித் தர்றேன்."

மார்லிஸ் கைப்பேசியை எடுத்தாள். மறுமுனையில் வீட்டுத் தரகர். "வீடு விக்கல. ஆமா, யோசிச்சுட்டேன். அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க." அவ்வளவே.

"அப்ப டிரெய்லர்?" என்றான் வெர்லின்.

"வாங்கிக்க. தனியாப் போ. உன் டிரக்குக்கு உன் ஒருத்தன் பாரம் கச்சிதமாச் சரியா இருக்கு."

அவள் தன் காரில் ஏறினாள்; நானும் ஏறினேன். வந்த காரியம் நான் வாய் திறவாமலே முடிந்துவிட்டது. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"சிரிக்காதண்ணா."

"நான் சிரிக்கலையே."

"உள்ளுக்குள்ள சிரிக்கிற. என்னை அவன் இழுத்துட்டுப் போறான்னு நீயா நெனச்சுக்கிட்ட. போகணும்னு முதல்ல சொன்னதே நான்தான். ஒரு வருஷமா அந்த எடைக் கணக்கெல்லாம் உக்காந்து படிச்சது நான். அவன் டிரக் படம்தான் பாத்தான்."

நான் திடுக்கிட்டேன். அந்தக் கூட்டத்துள் என் தங்கையும் ஒருத்தியா? போலிக் கணப்படுப்பின்முன் அமர்ந்து, பாலைவனத்தில் சீட்டாடிக்கொண்டு, ஊரூராய்க் கழிவுக் குழாய் மாட்டித் திரியும் அந்தக் கூட்டத்துள்?

"உனக்குமா பைத்தியம் பிடிச்சிருக்கு?" என்றேன்.

சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் விரல்களால் ஸ்டியரிங்கைத் தட்டினாள்.

"சின்னதா ஒரு டிரெய்லர் நின்னுதே, முட்டை மாதிரி, ஒரு ஆள் படுக்குறாப்பல. அது என் காருக்குத் தாங்குமான்னு டிராய்கிட்ட கேக்காம வந்துட்டேன்."

"மார்லிஸ்!"

"வீடு இருக்கு. சாவி என்கிட்ட இருக்கு. குளிர் விட்டதும் திரும்பி வரப் போறேன். இதுல உனக்கு என்ன போச்சு?"

விளக்கு பச்சையாயிற்று. அவள் வண்டியைத் திடலை நோக்கித் திருப்பினாள்.

"இறங்கணும்னா இங்கயே இறங்கிக்கண்ணா. பஸ் வரும்."

அந்தச் சாலையில் பேருந்தே வருவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு, அவர்கள் அனைவரையும் மனத்துள் திட்டியபடியே உடன் சென்றேன்.