மெலிந்துபோன ஸ்ப்ரூஸ் மரங்கள்

1

ப்ரியம்வதா சேனாபதியின் டிராயரை இழுத்துத் திறந்தாள். காபி வாங்கப் போனவன் திரும்ப ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் அவன் காட்டில் அளவு குறித்த நோட்டு கிடைத்தாக வேண்டும்.

(முதலில் 'பனி மூடிய அலாஸ்காவில்...' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். கதை பிறந்தது பனியில் இல்லை. 2006 அக்டோபரில், லிவர்மோரில், ஒரு சின்ன ஆராய்ச்சிக் கம்பெனியின் எக்ஸெல் ஷீட்டில்.)

2

வடக்குக் காட்டு ஸ்ப்ரூஸ் மரங்களை யாரும் வெட்டி எடை போடுவதில்லை. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் டேப்பைச் சுற்றித் தடிமன் எடுத்து, சூத்திரத்தில் போட்டால் எடை வந்துவிடும். 2004-இல் அளந்தவள் அனந்தலக்ஷ்மி. பிறகு வேலையை விட்டு ஃபிரிஸ்கோ போய்விட்டாள். அதே மரங்களை இந்தக் கோடையில் சேனாபதி அளந்து வந்தான். நூற்றுப்பன்னிரண்டு மரங்களும் மெலிந்திருந்தன.

மரம் மெலியுமா?

காட்டுக்கே போகாமல் மோட்டலில் படுத்துக்கொண்டு எண்களை இட்டு நிரப்பியிருக்கிறான் என்று முடிவுகட்டினாள் ப்ரியம்வதா. மேலிடத்துக்கு ஒரு மெயில் போனால் அவன் வேலை போகும். கூடவே விசாவும்.

(அவனுக்குத் திருட்டு முழி கொடுக்கலாமா என்று... வேண்டாம்.)

3

நோட்டு கிடைத்தது. மழையில் ஊறி உப்பிய பக்கங்கள், நடுவே நசுங்கிய கொசுக்கள். கொசு எங்கேதான் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"என்ன ப்ரியா, கொசு கவுண்ட் பண்றியா?" வாசலில் சேனாபதி. "டவுட்டுன்னா லக்ஷ்மிக்கும் ஒரு போன் போடு. அவ எப்படி மெஷர் பண்ணான்னு கேளு."

ஸ்பீக்கரில் போட்டாள். மரங்கள் மெலிந்த கதையைச் சொல்லி, நாலரை அடி உயரம் குறித்த குச்சியை வைத்துத்தான் அளந்தாயா என்று கேட்டாள்.

"ஆமாப்பா. பின்ன?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

ஐந்து மணிக்கு மெயில் அனுப்பப் போவதாகச் சொல்லி ப்ரியம்வதா போனை வைத்தாள்.

4

முடிவு ஒன்று: அனுப்பினாள். சேனாபதி பெட்டியைக் கட்டி...

முடிவு இரண்டு: நாலு ஐம்பத்தைந்துக்கு அவள் போன் அடித்தது.

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இப்போது நாலு ஐம்பது. டிராயர், கொசு, காபி எல்லாம் என் இட்டுக்கட்டல். போனில் பேசியது மட்டும் நிஜம்.

குச்சி முதல் மரத்துக்கு முன்பே ஆற்றோடு போய்விட்டது. அந்த நாலரை அடியை மார்பு உயரம் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள் என்று, அத்தனை மரங்களையும் என் மார்புக்கு நேரே அளந்தேன். ஸ்ப்ரூஸ் கீழே போகப் போகத் தடிமன்.

நான் நாலடி பத்தங்குலம்.