அடைத்த பொந்து

மூன்றாவது வெட்டில் கட்டை பிளந்தது. உள்ளே மூன்று சிட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்து கிடந்தன. வாசு அவசரமாகக் காலால் மண்ணைத் தள்ளி அவற்றை மூடினான். குடிசையின் முன்பக்கம் அக்கா பார்வதம்மா பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுவது கேட்டது.

அவள் புருஷன் பெருமாளைக் கொன்றது ஒரு முட்டுமரம். நேற்று சுரங்கத்துக்குள் அது முறிந்து, மேற்பாறை அவன்மேல் இறங்கிவிட்டது. பிணத்தைச் சுடுவதற்கு அந்த மரத்தையே விறகாக அனுப்பியிருந்தார்கள். சுரங்கத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைமாரின் தாராளம் அவ்வளவுதான்.

அது வாசு வெட்டிய மரம். அடிப்பக்கத்தில் அவன் கோடரியால் போட்டிருந்த இரட்டை வெட்டு அடையாளத்தை, யாரும் பார்க்கும் முன்பே செதுக்கி எறிந்துவிட்டான்.

மார்கழிப் பறவைகளை அவனுக்கு நன்றாகத் தெரியும். பகலெல்லாம் மரங்கொத்தி முன்னே போக, சிட்டுகள் மரம் மரமாக அதன் பின்னால் திரியும். அது பட்டையைப் பெயர்த்தால் கலைந்தோடும் பூச்சிகள் இவற்றுக்கு. பனி இறங்கியதும் மரங்கொத்தி தான் குடைந்த பொந்தில் தனியாகத் தூங்கும். ஜோடியைக்கூடச் சேர்க்காது. அது விட்டுப்போன பழைய பொந்தில் சிட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு படுக்கும். மரங்கொத்தி குடையத் தேடுவதோ உள்ளே உளுத்த மரத்தை. பொந்து இருந்தால் அந்த மரம் முட்டுக்கு ஆகாது என்பது வாசுவுக்குத் தெரியாததல்ல.

மார்கழி பிறந்த வாரம், பூதிகோட்டைக் காட்டில் சுரங்கத்துக்குப் போகும் வண்டிச் சுமைக்கு ஒரு மரம் குறைந்தது. விடிந்தால் மரத்தை எண்ணிப் பார்க்க மேஸ்திரி வந்துவிடுவார். பொழுது சாயும்போது அகப்பட்ட துரிஞ்சி மரத்தில் ஒரு பொந்து. உள்ளே சிட்டுகள் கீச்சிட்டன. விரட்டக்கூடப் பொறுமையில்லாமல், மேஸ்திரி கண்ணுக்குத் தெரியாதபடி பொந்தில் ஆப்பு அடித்து, களிமண் பூசி, மேலே பட்டையை ஒட்டிவிட்டு வெட்டினான். மரம் சாயும்வரை உள்ளே சத்தம் கேட்டது. சனியன்கள் என்று திட்டிக்கொண்டே வெட்டினான்.

முன்பக்கம் கூச்சல் எழுந்தது. போய்ப் பார்த்தான். காத்தவராயன் தோளில் கோடரியும் கையில் மாலையுமாக நின்றிருந்தான். அந்தச் சுரங்கத்துக்கு மரம் வெட்டிப் போடுகிறவர்கள் அவனும் வாசுவும் மட்டுந்தான்.

"இன்னாத்துக்குடா வந்த?" என்றாள் பார்வதம்மா. அழுது தொண்டை கட்டியிருந்தது. "நீ போட்ட சொத்த மரந்தான் அவர முழுங்கிச்சி."

"அக்கா, நா பாத்துதான்..."

"எந்தம்பி வெட்டன மரம் ஒடையாது. அதத் தேடிப் புடிச்சித்தான் அவரு தன் தலைக்கு மேல நிறுத்துவாரு. இவர கேளு."

பெருமாளோடு ஒரே ஷிஃப்டில் இருந்த மாணிக்கராஜ் தலையசைத்தார். "ஆமா. நேத்துகூட மெழுகுவத்திய வச்சிகினு, வாசு அடையாளம் கீதான்னு தடவித் தடவித்தான் எடுத்தாரு. இருட்டுல மாத்தி எடுத்துட்டாரு போலக்கீது."

வாசுவுக்குத் தெரியும். மாமா மாற்றி எடுக்கவில்லை. சரியாகத்தான் எடுத்திருக்கிறார். இப்போது வாயைத் திறந்தால் அக்காவுக்குத் தம்பியும் இல்லாமல் போய்விடுவான் என்று தனக்குள் நியாயம் சொல்லிக்கொண்டான். உண்மையில் அவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயம்.

"நீயே சொல்லுடா வாசு. ஒன் மரமா அது?"

"இல்லக்கா."

அவள் மாலையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். யாரோ காத்தவராயனின் பிடரியில் கைவைத்துத் தள்ளினார்கள். அவன் குப்புற விழுந்தான். யாரும் தூக்கவில்லை. வாசுவும் தூக்கவில்லை.

பறை அடிக்கத் தொடங்கியபோது காத்தவராயன் பின்பக்கம், விறகு பிளந்துகொண்டிருந்த வாசுவிடம் வந்தான். உதடு கிழிந்திருந்தது. பிளந்து கிடந்த விறகைக் குனிந்து பார்த்தான். வாசு ஆப்பு இருந்த துண்டைக் காலுக்கடியில் கவிழ்த்துக்கொண்டான்.

"துரிஞ்சி," என்றான் காத்தவராயன். "நானும் இந்த மாசம் துரிஞ்சி ரெண்டு போட்டேன். என்னுதாத்தான் இருக்கும். சரியா தட்டிப் பாக்காம வுட்டுட்டேன்."

வாசு அடுத்த கட்டையை நிமிர்த்தி வைத்தான்.

"கோவம் ஆறனப்புறம் அக்காகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லு வாசு. வேணும்னு செய்யலன்னு."

"சொல்றேன்."

காத்தவராயன் கோடரியைத் தோளிலிருந்து இறக்கிக் குடிசைத் தட்டியில் சாய்த்தான். "வெறகு பொளக்க ஒத்தாசையா இருக்கலாம்னு எடுத்தாந்தேன். இனிமே இதத் தொடமாட்டேன். நீ வச்சிக்க."

அவன் போனபிறகு வாசு அதை எடுத்து விரலால் கூர் பார்த்தான். தன்னுடையதைவிட நன்றாகத் தீட்டியிருந்தது. மிச்சக் கட்டைகளை அதிலேயே பிளந்தான்.